வீடு வெளிநாட்டில், பத்திரம் யார் பெயரில்?

"பையனுக்கு அங்கே இடம் கிடைத்துவிட்டது. மூன்று வருஷ வாடகையைக் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அதை யாரோ ஒரு வீட்டுக்காரருக்குக் கொட்டுவதைவிட, சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்டுவிடலாமா?"

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஊரை முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். சிலர் ஃபிளாட்டையே பார்த்து வைத்திருப்பார்கள். எத்தனையாவது மாடி, ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுவரை சொல்வார்கள். பத்திரம் யார் பெயரில் என்று கேட்டால் மட்டும், "அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். நான் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். அனுமதி, வரி, வங்கிக் கடன், நாளைக்கு விற்பது, நமக்குப் பிறகு வாரிசுக்குப் போவது எல்லாமே பெயரைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன. ஒரே கட்டடம், ஒரே மாடி, ஒரே விலை. பெயர் மாறினால் வரியே பூஜ்யத்திலிருந்து பெரிய தொகைக்குத் தாவும். கீழே கணக்குப் போட்டே காட்டியிருக்கிறேன்.

பிள்ளைக்காகப் பெற்றோர் வாங்குவதும், வேலைக்குப் போன இளைஞர் தாமே வாங்குவதும் வெவ்வேறு நிலைமைகள். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

சட்டம் விடுகிறதா? பலர் இங்கேயே நின்றுவிடுவார்கள், நிற்பதும் நல்லதுதான். கனடாவில் வெளிநாட்டவர் குடியிருப்பு வாங்க 2023 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. பிறகு அது 2027 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது. மாணவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் நிபந்தனைகளைப் பாருங்கள்: முந்தைய ஐந்து ஆண்டும் அங்கே வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 244 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும், விலை 5 லட்சம் கனடா டாலரைத் தாண்டக் கூடாது. இந்த ஆண்டு போய்ச் சேரும் பிள்ளைக்கு அந்த விலக்கால் ஒரு பயனும் இல்லை. ஆஸ்திரேலியாவில் மாணவ விசாவில் இருப்பவர் அனுமதி பெற்று, தாம் குடியிருக்க ஒரு பழைய வீட்டை வாங்க முன்பு முடிந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அதற்கும் தடை. புதிதாகக் கட்டப்படும் வீட்டுக்கு மட்டுமே வழி இருக்கிறது. நியூசிலாந்து 2018 அக்டோபரிலேயே பெரும்பாலான வெளிநாட்டவருக்குக் கதவை மூடிவிட்டது. சிங்கப்பூரில் தடை இல்லை. ஆனால் வெளிநாட்டவர் தனியார் குடியிருப்பு வாங்கினால், 2023 ஏப்ரல் 27 முதல் விலையில் 60 விழுக்காடு கூடுதல் முத்திரைத் தீர்வை. தாய்லாந்தில் நிலம் கிடையாது. அடுக்குமாடித் திட்டம் ஒன்றின் மொத்தப் பரப்பில் 49 விழுக்காடு வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். ஜெர்மனியும் ஜப்பானும் வாங்குபவர் அந்நியர் என்பதற்காகத் தடுப்பதில்லை.

எத்தனை ஆண்டு? வீட்டுக்கு இருபது வருஷம் ஒரு பொருட்டில்லை. இருபது வயதுக்காரருக்கு மூன்று வருஷத்தில் படிப்பு, ஊர், துணை, வேலை எல்லாமே மாறிவிடும். பிரிட்டனில் பட்டப் படிப்பு முடித்தவர்கள் தங்கி வேலை தேடும் விசா இரண்டு ஆண்டுக்குக் கிடைத்துவந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவருக்கு 18 மாதம்தான். இப்படி இடையில் விதிகள் மாறுவதையும் சேர்த்துத்தான் ஆண்டுக் கணக்குப் போட வேண்டும்.

உள்ளே போகும் செலவு, வெளியே வரும் செலவு. விளம்பரத்தில் விலை மட்டுமே இருக்கும். முத்திரைத் தீர்வை, வக்கீல் கூலி, ஏஜென்ட் கமிஷன், விற்கும்போது பிடித்துக்கொள்ளும் வரி ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிப் பாருங்கள்.

அதிகாரம் யார் கையில்? இதற்குக் கீழே ஒரு சம்பவமே இருக்கிறது.

மரணம், மணமுறிவு, கடன். பேசக் கூசும் விஷயங்கள். ஆனால் வெளிநாட்டுச் சொத்தில் பெரிய அடி இங்கேதான் விழுகிறது.

பணம் போகும் வழி. பணம் புறப்படும் நாட்டுக்கும் விதிகள் உண்டு. சீனாவில் ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் வரம்பு. அதையும் வெளிநாட்டு வீடு வாங்கப் பயன்படுத்தக் கூடாது. இந்தியாவில் வசிப்பவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர்வரை அனுப்பலாம். வீடு வாங்கவும் அனுப்பலாம். ஆனால் குடும்பத்தார் தங்கள் வரம்புகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு சொத்து வாங்க வேண்டுமானால், அந்தச் சொத்தில் அவர்கள் எல்லோரும் பங்குதாரர்களாக இருக்க வேண்டும். இந்த ஒரு விதி எவ்வளவு செலவு வைக்கும் என்பது கூட்டுப் பெயர் பகுதிக்கு வரும்போது தெரியும்.

## ஒரே வீடு, நான்கு பெயர்கள்

இங்கிலாந்தை எடுத்துக்கொள்கிறேன். மாணவர்கள் அதிகம் போகும் இடம். வெளிநாட்டவர் வாங்கத் தடையும் இல்லை. வீட்டு விலை 3 லட்சம் பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி முத்திரைத் தீர்வை மட்டும்:

| பத்திரத்தில் பெயர் | முத்திரைத் தீர்வை (பவுண்டு) |
|---|---|
| 18 வயது நிறைந்த பிள்ளை. உலகில் எங்கும் வீடு இல்லாதவர். அங்கே 183 நாள் தங்கியவர் | 0 |
| அதே பிள்ளை. போய்ச் சேர்ந்து இன்னும் 183 நாள் ஆகாதவர் | 6,000 |
| வெளிநாட்டில் வசிக்கும் பெற்றோர். சொந்த வீடு உள்ளவர்கள் | 26,000 |
| பெற்றோரும் பிள்ளையும் கூட்டாக | 26,000 |

26,000 எப்படி வருகிறது? வழக்கமான தீர்வை 5,000. ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர் இன்னொன்று வாங்கினால் கூடுதலாக 5 விழுக்காடு; அந்த ஏற்கெனவே உள்ள வீடு உலகின் எந்த மூலையில் இருந்தாலும் கணக்கில் வரும். அது 15,000. அங்கே வசிக்காதவர் என்பதற்கு 2 விழுக்காடு, அதாவது 6,000. இரண்டாவது வரிசையில் உள்ள பிள்ளை, வீடு வாங்கிய பிறகாவது 183 நாள் கணக்கை உரிய காலத்துக்குள் நிறைவு செய்தால் அந்த 6,000-ஐத் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

## பிள்ளையின் பெயரில்

வரிக் கணக்கில் பெரும்பாலும் இதுதான் மலிவு. பிள்ளை அங்கேயே குடியிருப்பதால் சின்னச் சின்ன அனுகூலங்களும் சேர்கின்றன. இங்கிலாந்தில் தான் வசிக்கும் வீட்டில் சாமான்களோடு கூடிய ஓர் அறையை வாடகைக்கு விட்டால், ஆண்டுக்கு 7,500 பவுண்டு வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை. அந்தச் சலுகை அங்கே குடியிருப்பவருக்குத்தான். பெயர் தகப்பனாருடையதாக இருந்தால் அதே அறை, அதே வாடகை, ஆனால் வரி உண்டு. ஒரு நண்பனையோ இரண்டு பேரையோ சேர்த்துக்கொண்டு செலவைப் பகிரும் மாணவருக்கு இது சிறிய தொகை அல்ல. மூன்றாவது ஆளைச் சேர்ப்பதற்கு முன் மட்டும் நில்லுங்கள். குடும்ப உறவில்லாத பலர் சேர்ந்து வசிக்கும் வீடுகளுக்கு அங்கே தனிச் சட்டம் உண்டு. தீயணைப்பு ஏற்பாடு, உரிமம் என்று போகும்.

மறைந்திருக்கும் முதல் செலவு, முதல் வீட்டுச் சலுகையை, அதாவது முதன்முதலாக வீடு வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வையில் தரும் விலக்கை, சீக்கிரமே தீர்த்துவிடுவது. அட்டவணையில் அந்தப் பூஜ்யம் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். 19 வயதில் ஒரு ஸ்டூடியோவுக்காக அதைச் செலவழித்துவிட்டால், 29 வயதில் குடும்பத்தோடு உண்மையான வீட்டைத் தேடும்போது அது இருக்காது. இதில் யாரும் எதிர்பார்க்காத ஒரு முடிச்சும் இருக்கிறது. தாத்தா வீட்டில் பிள்ளைக்கு வாரிசுரிமையாக ஒரு பங்கு வந்திருந்தாலும் அது ஏற்கெனவே வீடு பெற்றதாகவே எண்ணப்படும். பாசத்தோடு எழுதிவைத்த உயிலால் பேரனின் சலுகை போய்விடும். பிள்ளையின் பெயரில் ஊரில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் தேடிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, வங்கிக் கடன். மாணவருக்கு வருமானம் இல்லை, அந்த நாட்டில் கடன் வரலாறும் இல்லை. எனவே முழுப் பணமும் கையில் இருந்தால்தான் இந்த வழி. பிரிட்டனில் கடனில் பெற்றோரும் பிள்ளையும், பத்திரத்தில் பிள்ளை மட்டும் என்று ஒரு வகை வீட்டுக் கடன் தருகிறார்கள். வரிச் சலுகையும் கெடாது, கடனும் கிடைக்கும். ஆனால் பெற்றோரின் வயதைப் பார்ப்பார்கள். பெற்றோருக்கு அந்த நாட்டிலேயே வருமானம் இருந்தால்தான் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

மூன்றாவது, வீடு முழுக்கப் பிள்ளையுடையது. விற்கலாம், அடகு வைக்கலாம். திருமணமாகிப் பிரிந்தால் பங்கீட்டுக்கு வரும், தொழில் நொடித்தால் கடன்காரர் கைக்குப் போகும். நம் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் கேட்க வேண்டியது, அவன் பக்கம் எந்தத் தப்பும் இல்லாமலே இதெல்லாம் நேர்ந்தால் என்ன செய்வது என்பதைத்தான்.

படிப்புக்குப் பிறகும் ஐந்து ஆறு வருஷமாவது அங்கே இருப்பது ஏறக்குறைய உறுதி, பிள்ளைக்கு 18 ஆகிவிட்டது, கடன் தேவையில்லை என்றால் நான் இந்த வழியைத்தான் சொல்வேன்.

## பெற்றோரின் பெயரில்

மனதுக்கு நிம்மதி தரும் வழி. "நம்ம பெயரில் இருக்கட்டும், படிப்பு முடிந்தால் விற்றுவிடலாம்." இதற்கு விலை எவ்வளவு என்று அட்டவணை சொல்லிவிட்டது. அந்த 26,000 பவுண்டை மூன்று வருஷத்துக்கு, அதாவது 36 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 722 பவுண்டு. லண்டனுக்கு வெளியே பல பல்கலைக்கழக ஊர்களில் ஒரு மாணவருக்கு அறை வாடகையே அதற்குள் அடங்கிவிடும். இன்னும் பராமரிப்புக் கட்டணம், காப்பீடு, விற்கும்போது ஏஜென்ட் கமிஷன் எதுவும் சேர்க்கவில்லை. வாடகை வீண் என்று தொடங்கியவர்கள் வரிக்கே அந்த வாடகையைக் கட்டிவிட்டு நிற்பார்கள்.

வெளியே வரும் வழியிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் வெளிநாட்டவர் வீட்டை விற்றால், பொதுவாக விற்பனை விலையில் 15 விழுக்காட்டை வாங்குபவர் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும். லாபத்தில் அல்ல, மொத்த விலையில். பிறகு கணக்குத் தாக்கல் செய்து மீதியைத் திரும்பப் பெறலாம். அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். பிரிட்டனில் அங்கே வசிக்காதவர் குடியிருப்பை விற்றால், லாபம் இல்லாவிட்டாலும் 60 நாளுக்குள் கணக்குக் காட்ட வேண்டும். வாடகைக்கு விட்டால் ஏஜென்டே 20 விழுக்காட்டை வரியாகப் பிடித்துவைப்பார்; முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதி பெற்றால் பிடிக்காமல் தருவார்.

மரணம் வந்தால்? அமெரிக்காவில் குடியேறாத ஒருவர் அங்கே சொத்து வைத்துவிட்டு இறந்தால், கூட்டரசின் மரண வரி 60,000 டாலருக்கு மேல் தொடங்கிவிடும். விகிதம் 40 விழுக்காடு வரை போகும். அந்நாட்டவருக்கு உள்ள, ஒரு கோடி டாலரைத் தாண்டும் விலக்கு நமக்கு இல்லை. வரி ஒப்பந்தம் உள்ள நாட்டவர்களுக்குச் சற்று மாறலாம். பிரான்சில் சொத்தில் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு உண்டு: ஒரு பிள்ளை என்றால் பாதி, இருவர் என்றால் மூன்றில் இரண்டு, மூவரோ அதற்கு மேலோ என்றால் நான்கில் மூன்று. அங்கே படிக்கும் மகளுக்காக வாங்கிய வீட்டில், அந்த நாட்டையே பார்த்திராத அண்ணன்களுக்கும் சட்டப்படி பங்கு வந்துவிடும்.

அதிகாரம் பற்றிச் சொன்னேன் அல்லவா. என் அக்கா மகன் இங்கிலாந்தின் வடக்கே படித்தான். வீடு அத்தான் பெயரில். பிப்ரவரி மாதம், வெளியே பனி, ராத்திரி பத்து மணிக்கு பாய்லர் நின்றுவிட்டது. அதன் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து தரை விரிப்பு ஊறத் தொடங்கியது. காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தான். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, பாலிசி யார் பெயரில் என்பது. "அப்பா பெயரில்." "அவரோடுதான் பேச முடியும்." அத்தான் இருந்த இடத்தில் விடிகாலை மூன்றரை மணி, போன் சைலன்ட்டில். அவர் கண் விழித்து, அவர்களை அழைத்து, பிறந்த தேதியும் பாலிசி எண்ணும் சொல்லி முடிப்பதற்குள் கீழ்வீட்டுக்காரர் கூரையில் கறை விழுந்துவிட்டது. பையன் குளிரில் கோட்டோடு உட்கார்ந்து வாளி மாற்றிக்கொண்டிருந்தான். பெற்றோர் பெயரில் வாங்குகிறவர்கள் காப்பீடு, மின்சாரம், கட்டட நிர்வாகம் எல்லாவற்றிலும் பிள்ளையின் பெயரைப் பேசத் தகுதி உள்ளவராக முதல் நாளே எழுத்தில் சேர்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலைதான்.

காப்பீட்டில் இன்னொன்றும் உண்டு. பல பாலிசிகளில் வீடு தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ பூட்டிக் கிடந்தால் தண்ணீர்க் கசிவு, திருட்டு ஆகியவற்றுக்குக் காப்பு நின்றுவிடும். கோடை விடுமுறைக்குப் பிள்ளை மூன்று மாதம் ஊருக்கு வந்துவிடுவான். அந்த ஷரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் பெற்றோர் பெயர் சரியாக வரும் இடங்கள் உண்டு. இரண்டு மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்து அதே ஊருக்குப் படிக்கப் போகிறார்கள், வீடு பத்து வருஷம் ஓடும் என்றால் நுழைவுச் செலவு பரவலாகிவிடும். ஜெர்மனி போன்ற இடங்களில் அந்நியருக்கென்று கூடுதல் தீர்வையே இல்லை; மாநிலத்தைப் பொறுத்து 3.5 முதல் 6.5 விழுக்காடு, அதுவும் எல்லோருக்கும் ஒன்றுதான். அங்கே பெற்றோர் பெயரில் வாங்குவதற்குத் தண்டனை இல்லை. பிள்ளைக்குப் பணத்தைக் கையாளும் பக்குவம் இன்னும் வரவில்லை என்று உங்களுக்கே தெரிந்திருந்தால், அந்தக் கூடுதல் வரியைப் பாதுகாப்புக்கான விலையாக எண்ணிக் கட்டலாம்.

## கூட்டுப் பெயரில்

நடுநிலை வழி என்று எண்ணித்தான் பலர் இதற்கு வருகிறார்கள். இங்கிலாந்தில் இதில் இரண்டு பக்கத்துப் பாதகமும் ஒன்றாகச் சேர்கிறது. கூட்டாளிகளில் ஒருவருக்கு வேறு வீடு இருந்தாலும் 5 விழுக்காடு, ஒருவர் அங்கே வசிக்காதவர் என்றாலும் 2 விழுக்காடு, ஒருவர் முதல் வீடு வாங்குபவர் இல்லை என்றால் எல்லோருக்கும் சலுகை போச்சு. பிள்ளைக்கு ஒரு விழுக்காடு பங்கு கொடுத்திருந்தாலும் கணக்கு இதேதான். பிறகு அவன் தனியாக வாங்கும்போது "நீ ஏற்கெனவே வாங்கியவன்" என்றும் சொல்லிவிடுவார்கள்.

முன்னே சொன்ன பணம் அனுப்பும் விதி இங்கேதான் கழுத்தைப் பிடிக்கிறது. ஒரு நாட்டின் விதி, வரம்புகளைச் சேர்க்க வேண்டுமானால் எல்லோரும் பங்குதாரர் ஆகுங்கள் என்கிறது. இன்னொரு நாட்டின் விதி, பங்குதாரர் ஆனால் 26,000 கட்டுங்கள் என்கிறது. தாயும் தகப்பனும் தனித்தனியே தங்கள் வரம்புக்குள் பிள்ளைக்கு நன்கொடையாக அனுப்பி, பிள்ளை தன் பெயரில் வாங்குவது வேறு வகையில் வரும். இரண்டு நாட்டு ஆலோசகர்களையும் ஒரே அழைப்பில் உட்காரவைத்துக் கேட்டுவிடுங்கள். தனித்தனியாகக் கேட்டால் இருவரும் தங்கள் பக்கம் சரியாகத்தான் சொல்வார்கள், மோதல் யார் கண்ணிலும் படாது.

கூட்டுப் பெயர் பொருந்துவது, அண்ணன் தங்கை இருவரும் அந்த நாட்டிலேயே வேலை பார்த்து, இருவருக்கும் அது முதல் வீடாக இருக்கும்போது. அப்போது ஒருவர் பங்கு அவருடைய வாரிசுக்குப் போகும்படி தனித்தனிப் பங்காக எழுதுங்கள். இல்லையேல் ஒருவர் இறந்தால் மற்றவருக்கே முழுதும் போகும் வகையில் பதிவாகிவிடும்.

## டிரஸ்ட், கம்பெனி

மைனர் பிள்ளைக்காக வாங்குகிறவர்களுக்கு இந்த யோசனை சொல்லப்படும். இங்கிலாந்தில் 18 நிறையாதவர் பெயரில் நிலப் பத்திரம் பதிய முடியாது; இது 1925-ஆம் ஆண்டுச் சட்டம். சிங்கப்பூரில் வீடு வாங்கும் ஒப்பந்தத்துக்கு 21 ஆக வேண்டும். ஜெர்மனியில் மைனருக்காக வாங்கக் குடும்ப நீதிமன்றத்தின் ஒப்புதல் தேவை. அதனால் டிரஸ்ட், அதாவது பிள்ளைக்காக வேறொருவர் தம் பெயரில் சொத்தை வைத்துக் காக்கும் ஏற்பாடு. ஆனால் வரித்துறைகள் இதையெல்லாம் பார்த்துப் பழகியவை. இங்கிலாந்தில் மைனர் பிள்ளைக்காகப் பெற்றோர் டிரஸ்ட் மூலம் வாங்கினால், அந்த 5 விழுக்காட்டுக்குப் பெற்றோரே வாங்கியதாகக் கருதுவார்கள். சிங்கப்பூரில் டிரஸ்ட்டுக்குள் குடியிருப்பை வைத்தால் முன்கூட்டியே 65 விழுக்காடு கட்டிவிட்டு, நிபந்தனைகள் பொருந்தினால் திரும்பக் கேட்க வேண்டும்.

கம்பெனி இன்னும் மோசம். இங்கிலாந்தில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் விலையுள்ள வீட்டைக் கம்பெனி வாங்கி, அதில் முதலாளியின் பிள்ளையே குடியிருந்தால் முத்திரைத் தீர்வை ஒரேயடியாக 17 விழுக்காடு; அதன் மேல் ஆண்டுதோறும் தனி வரி. சாதாரணக் குடும்பத்துக்கு இந்த இரண்டும் வேண்டாம். வாழ்நாள் முழுக்கப் பிறர் பராமரிப்பில் இருக்க வேண்டிய பிள்ளை உள்ள வீடுகளுக்கு மட்டும் டிரஸ்ட் அவசியமான ஏற்பாடு. அங்கே வரியைப் பார்க்காமல் நல்ல வக்கீலைப் பாருங்கள்.

## வாங்காமல் வாடகைக்கு இருப்பது

வாடகையில் போகும் பணம் திரும்பாது என்பது உண்மை. வாங்கியவருக்கும் திரும்பாத பணம் இருக்கிறது: வட்டி, பராமரிப்பு, காப்பீடு, தீர்வை, பழுது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும். மூன்று வருஷத்துக்குள் என்றால் என் கணக்கில் வாடகையே பெரும்பாலும் ஜெயிக்கிறது.

வாடகைதாரருக்குச் சட்டமும் இப்போது சற்றுத் துணையாக இருக்கிறது. இங்கிலாந்தில் டெபாசிட், பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. ஜாமீன் தர உள்ளூரில் ஆள் இல்லாத மாணவர்களிடம் ஆறு மாதம், ஒரு வருஷ வாடகையை மொத்தமாக முன்கூட்டி வாங்கும் பழக்கம் இருந்தது. 2026 மே 1 முதல் தனியார் வாடகை வீடுகளில் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்க முடியாது. மாணவர்களுக்கென்றே கட்டிய பெரிய விடுதிகளுக்கு வேறு விதி. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்பதும் அதே மாற்றத்தில் வந்ததுதான். படிப்பு பிடிக்காமல் வேறு ஊருக்கு மாற நினைக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

இதில் மறைந்திருக்கும் செலவு நாணய மதிப்பு. வாங்குகிற எண்ணத்தோடு நம் நாட்டுப் பணத்திலேயே சேமித்துக்கொண்டிருந்தால், விலையும் நாணயமும் சேர்ந்து கைக்கு எட்டாமல் போகலாம். எதிர்ப்பக்கமும் நடக்கும். 2016 ஜூன் 24 அன்று ஒரே நாளில் டாலருக்கு எதிராக பவுண்டு 8 விழுக்காடு அளவுக்கு விழுந்தது. அதற்கு முந்தின நாள் வாங்கியவர், பிந்தின நாள் வாங்கியவர் என்று இரண்டு குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்.

## சம்பாதிக்கத் தொடங்கிய இளைஞர் தாமே வாங்கும்போது

இங்கே பெயரில் குழப்பமில்லை. திரும்பி வருவதில்தான் குழப்பம். ஆஸ்திரேலியாவில் தான் குடியிருந்த வீட்டை விற்றால் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். 2020 ஜூன் 30-க்குப் பிறகு, விற்கும் நாளில் நீங்கள் அந்நாட்டு வரிவாசி (வரிக் கணக்கில் அங்கே வசிப்பவர்) இல்லை என்றால் அந்த விலக்கு, சில விதிவிலக்குகள் தவிர, முற்றிலும் இல்லை. எட்டு வருஷம் குடியிருந்து, ஒன்பதாவது வருஷம் ஊர் திரும்பி, அங்கிருந்து விற்றால் எட்டு வருஷ லாபத்துக்கும் வரி. கிளம்புவதற்கு முன் விற்றிருந்தால் ஒன்றும் இல்லை. இதைப் பெட்டி கட்டும்போது அல்ல, வாங்கும்போதே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

வீடு வாங்கினால் விசா கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் ஒருமுறை சரிபாருங்கள். போர்ச்சுகல் 2023 அக்டோபரில் வீட்டு முதலீட்டுக்கான வழியை மூடியது; ஸ்பெயின் 2025 ஏப்ரல் 3 அன்று மூடியது. பழைய விளம்பரங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

ஹோட்டல் அரங்குகளில் விற்கும் மாணவர் விடுதி அறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஐந்து வருஷம் உத்தரவாத வாடகை" என்பார்கள். அந்த உத்தரவாதம் பெரும்பாலும் நீங்கள் கொடுத்த விலையிலிருந்தே உங்களுக்குத் திரும்பி வருவது. 30 சதுர மீட்டருக்குக் குறைந்த அறைக்குப் பல வங்கிகள் கடன் தராது. அப்படியானால் உங்களிடமிருந்து வாங்கப் போகிறவரும் முழுப் பணத்தோடு வர வேண்டும். அப்படி ஒருவர் கிடைப்பது எளிதல்ல.

## கொடுத்தது பரிசா, கடனா

பிள்ளையின் பெயரில் வாங்குவதென்று முடிவு செய்தவர்களுக்கு இது. வக்கீல் பணம் வந்த வழியைக் கேட்பார். வங்கிக் கணக்குகளை மாதம் மாதமாகப் புரட்டுவார். கடனும் எடுப்பதாக இருந்தால் வங்கி ஒரு கடிதம் கேட்கும்: இந்தப் பணம் பரிசு, திரும்பக் கேட்க மாட்டேன், வீட்டில் எனக்கு உரிமை இல்லை என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும். பல பெற்றோர் இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டில் "வேலைக்குப் போனதும் மெல்லத் திருப்பிக் கொடுத்துவிடு" என்று சொல்கிறார்கள். பத்து வருஷம் கழித்து மருமகள் வந்த பிறகு, அல்லது இன்னொரு பிள்ளைக்குப் பங்கு பிரிக்கும் நாளில், செல்லுபடியாவது அந்தக் கடிதம்தான்.

உண்மையிலேயே கடன் என்றால் கடன் என்றே எழுதுங்கள். வங்கியிடமும் அதையே சொல்லுங்கள், கடன் தொகை குறைந்தாலும் பரவாயில்லை. பரிசு என்றால் மற்றப் பிள்ளைகளை உட்காரவைத்து, இவ்வளவு இவனுக்குக் கொடுத்தாயிற்று, உங்கள் பங்கு இப்படி வரும் என்று சொல்லி உயிலிலும் குறித்துவிடுங்கள். வீடு இருக்கும் நாட்டுக்கென்று தனி உயில் எழுதும்போது, ஒரு வாக்கியத்தைக் கவனித்துப் பாருங்கள்: "இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தும் ரத்து" என்று அச்சிட்டிருக்கும். அது "இந்த நாட்டுச் சொத்து தொடர்பாக" என்று திருத்தப்படாவிட்டால், ஊரில் உள்ள உயிலும் அந்தக் கையெழுத்தோடு போய்விடும்.